வடசென்னைத் துறைமுகங்கள்: நங்கூரம் முதல் புயல் கூண்டு வரை, அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர், மீஞ்சூர் பக்கத்து ஆட்கள் கேட்கும் கேள்விகள் இவை. லாரி ஓட்டுபவர், வலை போடுபவர், கப்பல் ஏஜென்சியில் புதிதாகச் சேர்ந்த பையன், மொட்டைமாடியிலிருந்து கப்பல் பார்க்கும் குடும்பம் என்று பலரும் கேட்டவை. கேட்ட வார்த்தைகளை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறேன். எதற்குப் பதில் நீளமாக வேண்டுமோ அதற்கு நீளமாகவே சொல்லியிருக்கிறேன்.

நம்ம பக்கம் மொத்தம் எத்தனை துறைமுகம்? எல்லாம் ஒரே ஆளுங்க கையிலயா?

இல்லை. தெற்கிலிருந்து எண்ணினால் முதலில் பழைய சென்னைத் துறைமுகம். அது மத்திய அரசின் கீழ் வரும் பெருந்துறைமுகம். அதன் வடக்குச் சுவரை ஒட்டிக் காசிமேடு மீன்பிடித் துறைமுகம். இருபது கிலோமீட்டருக்கு மேல் வடக்கே போனால் எண்ணூரில் காமராஜர் துறைமுகம். அனல்மின் நிலையத்துக்கு நிலக்கரி இறக்குவதற்காகத் தொடங்கி, 2001இல் செயல்பாட்டுக்கு வந்தது. நாட்டின் பெருந்துறைமுகங்களில் முதன்முதலாகக் கம்பெனியாகப் பதிவானது அதுதான். 2020இல் மத்திய அரசின் பங்கைச் சென்னைத் துறைமுகமே வாங்கிக்கொண்டது. அதற்கும் வடக்கே காட்டுப்பள்ளி. எல் அண்ட் டி கட்டி 2013இல் இயங்கத் தொடங்கிய அந்தத் துறைமுகம் 2018இல் அதானி கைக்குப் போனது.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. கரையில் நின்று பார்த்தால் ஒரே கடல். ஆனால் அதில் ஓடும் கப்பல்களுக்கு உத்தரவு சொல்லும் இடங்கள் வேறு வேறு. ஒரு துறைமுகத்தின் எல்லையில் நடப்பது அடுத்த துறைமுகத்துக்குத் தானாகத் தெரிந்துவிடாது. யாராவது எடுத்துச் சொன்னால்தான் தெரியும். கீழே வரும் பதில்கள் பலவற்றில் இந்தச் சங்கதி திரும்பத் திரும்ப வரும்.

கடல்ல நாள் கணக்கா கப்பல் சும்மா நிக்குதே, எதுக்கு?

பெரும்பாலும் பெர்த் (கப்பலைக் கட்டிச் சரக்கு ஏற்றி இறக்கும் இடம்) காலியாக இல்லாததால்தான். சரக்கின் காகிதம் முடியவில்லை, வாடகைத் தகராறு, அடுத்த பயணத்துக்கு உத்தரவு வரவில்லை, கப்பல் முதலாளிக்குக் கடன் என்று வேறு காரணங்களும் உண்டு. கடைசிக் காரணத்தைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது.

2012 அக்டோபர் 31 அன்று நீலம் புயல் வந்தபோது, சென்னைக்கு வெளியே நங்கூரமிட்டு நின்ற பிரதிபா காவேரி என்ற எண்ணெய்க் கப்பல் நங்கூரம் இழுபட்டு, தெற்கே பெசன்ட் நகர் கரையோரம் போய்த் தரை தட்டியது. எரிபொருளுக்கும் சாப்பாட்டுக்கும் தட்டுப்பாட்டோடு நாள் கணக்கில் அங்கே கிடந்த கப்பல் அது. பதறிப்போன மாலுமிகள் உயிர்காப்புப் படகை இறக்க, அலையில் அது கவிழ்ந்து சிலர் செத்துப் போனார்கள். கப்பலிலேயே இருந்தவர்கள் பிழைத்தார்கள். வெளிக்கடலில் நிற்கும் ஒவ்வொரு கப்பலிலும் எஞ்சின் ஓடும் நிலையில் இருக்கிறதா, எண்ணெய் இருக்கிறதா, ஆட்கள் போதுமா என்று புயலுக்கு முன்னாலேயே யாராவது கேட்டிருக்க வேண்டும். பதில் திருப்தியாக இல்லையென்றால் அடுத்த கூண்டு ஏறும்வரை காத்திருக்கக் கூடாது.

ஒரு கப்பல் உள்ள வரணும்னா யாரு 'வா'ன்னு சொல்றது?

ஒரே ஆள் சொல்வதில்லை. கப்பல் வருவதற்கு முன்பே அதன் ஏஜென்ட் துறைமுகத்துக்குத் தகவல் கொடுத்துவிடுவார்: நீளம் எவ்வளவு, நீருக்குள் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது, என்ன சரக்கு, ஆபத்தான சரக்கு உண்டா. நாள்தோறும் நடக்கும் பெர்த்திங் கூட்டத்தில் கப்பல் ஏஜென்ட்கள், சரக்கு ஏற்றி இறக்கும் ஸ்டீவடோர்கள், டெர்மினல்காரர்கள், போக்குவரத்துப் பிரிவு எல்லாரும் உட்கார்ந்து எந்தக் கப்பல் எந்தப் பெர்த்துக்கு என்று பேசி முடிப்பார்கள். கடல் பக்கப் பொறுப்பு டெபுடி கன்சர்வேட்டருக்கும் அவருக்குக் கீழே ஹார்பர் மாஸ்டருக்கும். ரேடாரையும் கப்பல்கள் தாமாக அனுப்பும் அடையாள சிக்னலையும் திரையில் பார்த்துக்கொண்டு, வயர்லெஸ்ஸில் பேசுவது கன்ட்ரோல் டவர். அங்கே இரவு பகல் இல்லை.

நேரம் குறித்ததும், கப்பலைத் துறைமுகத்துக்குள் வழிநடத்தும் பைலட் படகில் கிளம்புவார். வேடிக்கை பார்ப்பவர்களுக்குத் தெரியாத ஆபத்து இங்கேதான். கப்பல் நிற்காது. மெதுவாக ஓடிக்கொண்டே ஒரு பக்கமாகத் திரும்பி, அலை அடிக்காத பக்கத்தை பைலட் படகுக்குக் கொடுக்கும். மேலேயிருந்து கயிற்று ஏணி தொங்கும். மரப்படிகள், இரு பக்கமும் மணிலாக் கயிறு, ஏணி முறுக்கிக்கொள்ளாமல் இருக்க நடுநடுவே நீளமான குறுக்குக் கட்டைகள். படகு அலையில் ஏறி உச்சிக்கு வரும் அந்த ஒரு நொடியில் பைலட் ஏணிக்குத் தாவ வேண்டும். அலை இறங்கும்போது தாவினால், அடுத்த அலையில் மேலே வரும் படகு காலை நசுக்கிவிடும். ஏணியில் ஏறும் உயரம் 9 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. கப்பல் அதைவிட உயரமாக இருந்தால் கப்பலின் சாய்வுப் படிக்கட்டையும் சேர்த்துக் கட்டித்தர வேண்டும் என்பது சர்வதேச விதி. ஏணி சரியில்லை என்று பட்டால் ஏற மறுக்கும் உரிமை பைலட்டுக்கு உண்டு. கப்பல் இரண்டு மணி நேரம் தாமதமானால் ஏஜென்ட் கத்துவார்தான். கத்தட்டும்.

பைலட் ஏறிட்டா கேப்டனுக்கு என்ன வேலை?

கப்பல் கேப்டனுடையதுதான், பொறுப்பும் அவருடையதுதான். இந்தத் துறைமுகத்தின் மணல், நீரோட்டம், திருப்பம், எந்த டக் (பெரிய கப்பலை இழுத்தும் தள்ளியும் திருப்பும் சிறு கப்பல்) எவ்வளவு இழுக்கும் என்பதெல்லாம் தெரிந்தவர் பைலட். அவர் சொல்வதைக் கேட்டுக் கேப்டன் கப்பலை நடத்துவார். பைலட் சொல்வது ஆபத்தாகத் தெரிந்தால் கேப்டன் தலையிடலாம், தலையிடவும் வேண்டும்.

கப்பல் ஊதுதே, அதுக்கு அர்த்தம் உண்டா?

உண்டு. ஒரு குறுகிய ஊதல்: நான் வலப்பக்கம் திரும்புகிறேன். இரண்டு: இடப்பக்கம். மூன்று: எஞ்சினைப் பின்னோக்கி ஓட்டுகிறேன். ஐந்து அல்லது அதற்கு மேல் படபடவென்று ஊதினால், 'நீ என்ன செய்கிறாய் என்று எனக்குப் புரியவில்லை, ஆபத்து' என்று பொருள். படகில் இருக்கும்போது ஐந்து ஊதல் கேட்டால் அது உங்களுக்காக இருக்கலாம், திரும்பிப் பாருங்கள்.

அண்ணே, நம்ம கடல்ல நாம வலை போடக்கூடாதா? கப்பல்காரன் பாத்துப் போகக்கூடாதா?

இந்தக் கேள்வியில் உள்ள கோபம் நியாயமானது. துறைமுகங்கள் வருவதற்கு முன்பிருந்தே இங்கே குப்பங்கள் இருக்கின்றன. துறைமுகம் விரியும்போதெல்லாம் வலை போடும் இடம் சுருங்குகிறது. அந்த வழக்கு தனி, அதைப் பேச வேண்டிய இடத்தில் பேசித்தான் ஆக வேண்டும். ஆனால் இருட்டில் ஒரு கப்பலின் முன்னால் அந்த நியாயம் உயிரைக் காப்பாற்றாது. அதனால் கணக்கை மட்டும் சொல்கிறேன்.

கன்டெய்னர் கப்பலின் பாலத்தில், அதாவது கப்பலை ஓட்டும் மேல்தள அறையில், நிற்பவருக்குக் கப்பலின் மூக்குக்கு முன்னால் உள்ள கடல் தெரியாது. அடுக்கிய பெட்டிகள் மறைத்துவிடும். கப்பலின் நீளத்தைப்போல் இரண்டு மடங்கு அல்லது 500 மீட்டர், இரண்டில் எது குறைவோ அதற்கு மேல் மறைப்பு இருக்கக் கூடாது என்பதுதான் சர்வதேச விதி. திருப்பிச் சொன்னால், விதியை முழுக்க மதிக்கும் பெரிய கப்பலுக்கே முன்னால் அரைக் கிலோமீட்டர் வரை நீங்கள் தெரியாமல் போகலாம். லாரியின் மூக்கருகே நிற்கும் பையன் டிரைவர் கண்ணுக்குத் தெரியாத மாதிரிதான். ஃபைபர் படகு ரேடாரிலும் சரியாக விழாது. பார்த்துவிட்டாலும் உடனே நிறுத்த முடியாது. பிரேக் என்று ஒன்று கிடையாது. எஞ்சினைப் பின்னோக்கி ஓட்டினாலும் சரக்கோடு வரும் கப்பல் வெகுதூரம் போய்த்தான் நிற்கும். கப்பல் வரும் கால்வாய்க்குள் விலகவும் முடியாது, விலகினால் தரை தட்டும்.

அதனால்தான் குறுகிய கால்வாயில் போகும் கப்பலுக்கு மீன்பிடிப் படகு இடைஞ்சலாக இருக்கக் கூடாது என்று கடல் மோதல் தவிர்ப்பு விதிகளில் 9ஆம் விதி சொல்கிறது. 20 மீட்டருக்குக் குறைந்த எல்லாப் படகுக்கும் இது பொருந்தும். கால்வாயின் எல்லையைக் காட்டும் மிதவைகளுக்கு நடுவே வலை போடாதீர்கள். குறுக்கே கடக்க வேண்டுமானால் நேர்க்குறுக்காக, சீக்கிரமாகக் கடந்துவிடுங்கள். அந்த மிதவையிலேயே படகைக் கட்டிவிட்டுத் தூங்குவது இன்னும் மோசம். இரவில் ஒரு விளக்காவது எரியட்டும்.

துறைமுகம் செய்ய வேண்டியதும் உண்டு. பெரிய கப்பல் வரும் நேரத்தையும் தூர்வாரும் நாளையும் குப்பத்துக்கு முன்கூட்டியே சொல்வது ஒன்றும் பெரிய செலவில்லை. மீனவர் சங்கத்தின் வாட்ஸாப் குழுவில் போட்டால் போதும், பத்து நிமிடத்தில் கரை முழுக்கத் தெரிந்துவிடும். அலுவலகப் பலகையில் ஆங்கிலத்தில் ஒட்டிவைப்பது அறிவிப்பாகாது.

தடைக்காலத்துல நம்ம ஃபைபர் போட் போகலாமா?

கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை விசைப்படகுகளுக்கும் இழுவைப்படகுகளுக்கும். பாரம்பரியச் சிறு படகுகள் போகலாம். ஆனால் துறைமுக எல்லைக்குள் உள்ள கட்டுப்பாடு வருடம் முழுக்க உண்டு, அதற்கும் தடைக்காலத்துக்கும் சம்பந்தமில்லை.

2017ல எண்ணூர்ல என்னதான் நடந்துச்சு?

அந்த வருடம் ஜனவரி 28, விடியற்காலை. காமராஜர் துறைமுகத்தில் எரிவாயு இறக்கிவிட்டு வெளியேறிய பிடபிள்யூ மேப்பிள் என்ற கப்பலும், பெட்ரோலியச் சரக்கோடு உள்ளே வந்துகொண்டிருந்த டான் காஞ்சிபுரம் என்ற கப்பலும் துறைமுகத்துக்கு வெளியே மோதிக்கொண்டன. நல்லவேளையாகத் தீப்பிடிக்கவில்லை. டான் காஞ்சிபுரத்திலிருந்து கெட்டியான எரிஎண்ணெய் கடலில் கொட்டியது.

கசிவு இல்லை, இருந்தாலும் கொஞ்சம்தான் என்ற தொனியில்தான் முதல் அறிவிப்புகள் வந்தன. என் பார்வையில் மோதலைவிட அதிகம் கெடுத்தது இதுதான். கடலில் எண்ணெயை வளைத்துப் பிடிக்க முதல் சில மணி நேரம்தான் வாய்ப்பு. மிதக்கும் தடுப்பு வேலியைச் சுற்றிப் போட்டு, மேலிருந்து வழித்தெடுக்க வேண்டும். விட்டுவிட்டால் அலை எண்ணெயையும் தண்ணீரையும் சேர்த்துக் கடைந்து களி மாதிரி ஆக்கிவிடும், அளவும் பெருகும். ஜனவரியில் நீரோட்டம் இந்தக் கரையோரம் வடக்கிலிருந்து தெற்கே ஓடும். அதனால் எண்ணூரில் கொட்டியது எர்ணாவூர்ப் பாறைகளில் படிந்து, திருவொற்றியூர் தாண்டி, மெரினாவையும் அதற்குத் தெற்கேயும் எட்டியது. செத்த ஆமைகள் ஒதுங்கின. மீன் வாங்க ஆள் வரவில்லை.

அந்தக் களியை பம்ப் இழுக்கவில்லை, குழாய் அடைத்துக்கொண்டது. கடைசியில் பாரதியார் நகர்ப் பாறைகளில் மாணவர்களும் மீனவர்களும் துப்புரவுப் பணியாளர்களும் வரிசையாக நின்று பிளாஸ்டிக் வாளியில் அள்ளிக் கைமாற்றினார்கள். நாடு முழுவதும் அந்தப் படத்தைப் பார்த்தது. பலர் கையில் சரியான உறை இல்லை. எரிஎண்ணெய் தோலில் ஊறும், அதன் ஆவி தலையைச் சுற்றவைக்கும். தன்னார்வலர்களைக் கூப்பிடும் முன் பூட்ஸும் முகமூடியும் கையுறையும் வந்திருக்க வேண்டும்.

எண்ணெய் கொட்டினா யாரு பொறுப்பு? துறைமுகமா, கோஸ்ட் கார்டா?

1996இல் வந்த தேசிய எண்ணெய்க் கசிவுப் பேரிடர்த் திட்டப்படி ஒருங்கிணைப்பு கடலோரக் காவல் படையின் வேலை. 700 டன் வரையிலான கசிவு முதல் நிலை, அதற்கான கருவியும் ஆளும் அந்தந்த இடத்திலேயே இருக்க வேண்டும். துறைமுக எல்லைக்குள் என்றால் துறைமுகம், கரையில் ஒதுங்கினால் மாநில அரசு. 2017இல் சிக்கியது இந்த எல்லைகளுக்கு நடுவில்தான். எண்ணெய்க்குத் துறைமுக எல்லையும் மாவட்ட எல்லையும் தெரியாது. தடுப்பு வேலி யாருடைய கிடங்கில் இருக்கிறது, சாவி யாரிடம், டக் யார் அனுப்புவது என்பதை வருடத்துக்கு ஒருமுறையாவது எல்லாரும் சேர்ந்து கடலில் இறங்கிச் செய்து பார்க்க வேண்டும். மேஜையில் வரைபடம் விரித்துச் செய்யும் ஒத்திகையில் எல்லா பம்பும் ஓடும்.

2023 டிசம்பர்ல வந்த எண்ணெயும் கப்பல்ல இருந்துதானா?

இல்லை. மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் மணலித் தொழிற்பகுதியிலிருந்து வந்தது. பக்கிங்காம் கால்வாய் வழியாக இறங்கிக் கொசஸ்தலை ஆற்று முகத்துவாரத்தில் பரவியது. பாதிப்பு அதே எண்ணூர் மக்களுக்கு, ஆனால் காரணமும் பொறுப்பும் வேறு.

ஒண்ணாம் நம்பர் கூண்டு, மூணாம் நம்பர் கூண்டுன்னு டிவியில சொல்றாங்களே, எது பயப்பட வேண்டியது?

இதை எல்லாரும் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. பகலில் கம்பத்தில் கூம்பும் உருளையுமாக உருவங்கள் ஏற்றுவார்கள், இரவில் சிவப்பு வெள்ளை விளக்குகள். எண் 1 முதல் 11 வரை. எண் ஏற ஏற ஆபத்து ஒரே சீராக ஏறும் என்று நினைப்பதுதான் பொதுவான தவறு. அது படிக்கட்டு இல்லை, செய்தி.

1 என்றால் தூரக்கடலில் புயல் உருவாகக்கூடிய சூழல். 2 என்றால் தூரத்தில் புயலே உருவாகிவிட்டது. இரண்டிலும் துறைமுகத்துக்கு நேரடி ஆபத்து இல்லை, ஆனால் கிளம்பும் கப்பல்கள் கவனிக்க வேண்டும். 3 என்றால் துறைமுகத்துக்கே பலத்த காற்று வரலாம். 4 என்றால் துறைமுகத்தைப் புயல் தாக்கக்கூடும், ஆனால் கடைசிக்கட்ட ஏற்பாடுகளுக்கு இன்னும் அவசரமில்லை. 5, 6, 7 மூன்றும் ஒரே கடுமை. வேறுபாடு புயல் எந்தப் பக்கம் கடக்கும் என்பதில்தான். 5இல் புயல் போகும் பாதைக்குத் துறைமுகம் இடப்பக்கம், 6இல் வலப்பக்கம், 7இல் நேராக மேலே அல்லது மிக அருகே. 8, 9, 10 இதே மூன்றும், கடும்புயலுக்கு. 11 என்றால் வானிலை மையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது, இங்குள்ள அதிகாரியே நிலைமை மோசம் என்று கருதுகிறார் என்று அர்த்தம்.

இடம் வலத்துக்கு ஏன் தனி எண்? நம் பக்கத்தில் புயல்காற்று கடிகார முள்ளுக்கு எதிராகச் சுழலும். வங்கக் கடலிலிருந்து மேற்கே வரும் புயல் சென்னைக்குத் தெற்கே கரையேறினால் சென்னை அதன் வலப்பக்கம். காற்று கடலிலிருந்து கரைக்கு அடிக்கும், தண்ணீரையும் தள்ளிக்கொண்டு வரும். அதே புயல் நமக்கு வடக்கே கரையேறினால் காற்று தரையிலிருந்து கடலுக்கு அடிக்கும், தண்ணீர் ஏறுவது குறையும். ஆகையால் குப்பத்துக்காரர் 5க்கும் 6க்கும் உள்ள வித்தியாசத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. செய்தி வாசிப்பவர் எண்ணை மட்டும் சொல்லிவிட்டுப் போய்விடுவார்.

புயல் வந்தா கப்பலை உள்ள கொண்டு வரணும்தானே, வெளியே துரத்துறாங்களே?

பெர்த்தில் கட்டிய கப்பல் அலையில் முன்னும் பின்னும் ஆடிக் கயிறுகளை அறுக்கும், சுவரில் இடித்துக்கொள்ளும், மற்ற கப்பல் மேல் போய் விழும். எஞ்சின் நன்றாக ஓடும் கப்பலுக்கு ஆழக்கடல்தான் பத்திரம், மோத அங்கே எதுவும் இல்லை. அதனால் முன்கூட்டியே ஒவ்வொன்றாக வெளியேற்றுவார்கள். அதற்கு பைலட்டும் டக்கும் நேரமும் வேண்டும். கடைசி நேரத்தில் எல்லாரும் ஒன்றாகக் கிளம்ப முடியாது. உள்ளே கிரேன்களை இரும்புக் கொக்கி போட்டுத் தரையோடு பூட்டுவார்கள், காலிப் பெட்டிகளின் அடுக்கைத் தாழ்த்துவார்கள், கேட்டில் லாரி விடுவதை நிறுத்துவார்கள்.

இந்த ஊர்த் துறைமுகத்துக்குப் புயலோடு பழைய கணக்கு ஒன்று உண்டு. 1881இல் முடியும் தறுவாயில் இருந்த அலைத்தடுப்புச் சுவர்களை அந்த வருடம் நவம்பரில் வந்த புயல் பிய்த்துப் போட்டது. பிறகு கிழக்கே இருந்த வாயிலை மூடி வடகிழக்குப் பக்கம் மாற்றினார்கள்.

ஜீரோ கேட்ல இவ்ளோ நேரம் நிக்க வைக்கிறாங்களே, இதுல பாதுகாப்பு எங்க இருந்து வந்துச்சு?

பாதி பாதுகாப்பு, பாதி ஒருங்கிணைப்புக் கோளாறு. பாஸ், ஃபார்ம் 13 (ஏற்றுமதிப் பெட்டியை உள்ளே கொண்டுபோகும் படிவம்), சீல், கஸ்டம்ஸ் அனுமதி, எடைச் சான்று எல்லாம் சரிபார்க்க வேண்டியவைதான். எடைச் சான்று 2016 ஜூலை 1 முதல் உலகம் முழுக்கக் கட்டாயம். பத்து டன் என்று எழுதி இருபது டன் ஏற்றிய பெட்டி அடுக்கின் உச்சியில் போனால் கப்பலே சாயலாம். ஆனால் கேட்டுக்கு ஒரு கணினி, டெர்மினலுக்கு ஒன்று, கஸ்டம்ஸுக்கு ஒன்று என்று இருந்து, ஒன்றில் முடிந்தது இன்னொன்றில் ஏறவில்லை என்பதற்காக டிரைவர் இரவு முழுக்க எண்ணூர் விரைவுச் சாலையில் கிடப்பது பாதுகாப்பு ஆகாது. தூக்கமில்லாமல் காத்திருந்து உள்ளே வரும் டிரைவர்தான் யார்டிலேயே பெரிய ஆபத்து. துறைமுகத்திலிருந்து மதுரவாயல் போக வேண்டிய மேம்பாலச் சாலைக்கு 2009இல் அடிக்கல் நாட்டி, 2012இல் வேலை நின்று, 2022இல் ஈரடுக்காக மறுபடி அடிக்கல் நாட்டினார்கள். இதற்குமேல் நான் என்ன சொல்ல?

உள்ளே போனபின் ஒன்றை மறக்காதீர்கள். கிரேன் பெட்டியைத் தூக்கும் முன் டிரெய்லரின் நாலு மூலைப் பூட்டும் திறந்திருக்க வேண்டும். மூன்று திறந்து ஒன்று மாட்டிக்கொண்டால் பெட்டியோடு டிரெய்லரும் ஒரு பக்கமாக எழும்பும். கேபினில் நீங்கள் இருந்தால் கூடவே போவீர்கள். பூட்டைத் திறந்ததும் தொட்டுப் பாருங்கள், கண்ணால் பார்த்தது போதாது. பெட்டி தலைக்கு மேலே தொங்கும்போது கிளீனர் இறங்கி நடமாடக் கூடாது. வழி மாறிப்போனால் ரிவர்ஸ் எடுக்காமல் சுற்றி வாருங்கள். பெட்டியைத் தூக்கி அடுக்கும் பெரிய ரீச் ஸ்டேக்கர் வண்டியின் பின்பக்கம் அதன் டிரைவருக்குச் சுத்தமாகத் தெரியாது.

கப்பல் கட்டுற கயிறு பக்கத்துல போகாதேன்னு திட்டுறாங்க, ஏன்?

நைலான் வடம் இழுபடும்போது நீளும். அறுந்தால் அந்த விசை முழுக்கத் திரும்பி அடிக்கும். வடம் நேர்கோட்டில் மட்டும் திரும்பாது, வளைந்தும் வீசும். சத்தம் காதில் விழும்போது கால் போயிருக்கும். இறுகிய வடத்தைத் தாண்டாதீர்கள், அதன் மேல் உட்கார்ந்து டீ குடிக்காதீர்கள்.

கப்பல் ஹோல்டுல கூலி வேலைக்குக் கூப்பிடுறாங்க. போகலாமா?

ஹோல்டு என்பது கப்பலுக்குள் சரக்கு வைக்கும் ஆழமான அறை. இறங்கும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: 'உள்ளே காற்றைச் சோதித்தாச்சா?' பதில் சொல்பவர் கையில் மீட்டர் இருக்க வேண்டும். வெளிக்காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம் அளவுக்கு இருக்கிறது. மூடிய அறையில் நிலக்கரி, மரத்தடி, இரும்புக் கழிவு, பிண்ணாக்கு எல்லாம் அதைத் தின்றுவிடும். வாசனை வராது, மூச்சும் திணறாது. ஒன்றிரண்டு இழுப்பில் ஆள் சுருண்டு விழுவார். அவரைக் காப்பாற்ற இறங்கும் இரண்டாவது ஆளும், பின்னால் மூன்றாவது ஆளும் விழுவார்கள். இப்படிப்பட்ட சாவுகளில் பாதிக்கு மேல் காப்பாற்றப் போனவர்களுடையது என்று தொழிலில் உள்ளவர்கள் சொல்வது வெறும் பயமுறுத்தல் இல்லை. விழுந்தவர் தம்பியாகவே இருந்தாலும் மூச்சுக் கருவி இல்லாமல் இறங்கக் கூடாது. கத்துங்கள், ஆள் கூட்டுங்கள், மேலே நின்றபடி காற்றடிக்கச் சொல்லுங்கள். பூச்சி மருந்து அடித்த சரக்கு என்றால் கூடுதல் எச்சரிக்கை வேண்டும்.

துறைமுகத் தொழிலாளர் பாதுகாப்புக்கு 1986இல் தனிச் சட்டமும் 1990இல் விதிமுறைகளும் வந்தன. 2020இல் இயற்றிய தொழிற்பாதுகாப்புத் தொகுப்பில் இப்போது அது அடங்கிவிட்டது. ஒப்பந்தக் கூலிக்கும் அது பொருந்தும். ஹெல்மெட், ஷூ உங்கள் காசில் வாங்கச் சொன்னால் மறுத்துவிடலாம்.

மணலியில வெடிமருந்து வெச்சிருந்தாங்களே, அது இன்னும் இருக்கா?

இல்லை. 2015இல் கஸ்டம்ஸ் பிடித்துவைத்த 740 டன் அம்மோனியம் நைட்ரேட் மணலியில் ஒரு கன்டெய்னர் கிடங்கில் 37 பெட்டிகளில் கிடந்தது. அந்த வருட வெள்ளத்தில் கொஞ்சம் வீணாகி, மீதி 697 டன் ஏலத்தில் போனது. 2020 ஆகஸ்ட் 4 அன்று பெய்ரூட் துறைமுகத்தில் 2,750 டன் வெடித்த பிறகுதான் இங்கே வேகம் வந்து, பெட்டிகளை ஹைதராபாத்துக்கு அனுப்பினார்கள். ஐந்து வருடம் அது அங்கே இருந்தது சுற்றியிருந்த குடியிருப்புக்குத் தெரியாது என்பதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

ஆபத்தான சரக்கை ஒன்பது வகுப்பாகப் பிரித்து, பெட்டியின் நாலு பக்கமும் சாய்சதுரச் சீட்டு ஒட்டியிருப்பார்கள். 1 வெடிபொருள், 2 வாயு, 3 எரியும் திரவம், 5 தீயைத் தூண்டுவது, 6 நஞ்சு, 8 அரிப்பது. லாரியிலிருந்து ஏதாவது ஒழுகினால் அந்த எண்ணையும் ஆரஞ்சுப் பலகையில் இருக்கும் நாலு இலக்க எண்ணையும் தூரத்திலிருந்து போட்டோ எடுங்கள். தீயணைப்புக்காரர் முதலில் கேட்பது அதைத்தான்.

ராயபுரத்துல முன்ன மாதிரி கரித்தூசி இல்லையே, எப்படி?

குடியிருப்புவாசிகள் வழக்குப் போட்டார்கள். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2011 அக்டோபர் முதல் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத் தாதும் கையாள்வது நின்றது. நிலக்கரி எண்ணூருக்குப் போனது. தூசி ஒழியவில்லை, இடம் மாறியது என்று எண்ணூர்க்காரர் சொன்னால் மறுக்க முடியாது.

துறைமுகத்தால்தான் கடல் நம்ம வீட்டைத் தின்னுதா?

பெருமளவு ஆம். இந்தக் கரையில் வருடம் முழுக்கக் கூட்டிக் கழித்துப் பார்த்தால் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. துறைமுகச் சுவர் அதைத் தடுத்ததால் தெற்கே மெரினா அகன்றது, வடக்கே ராயபுரம் தொட்டு எண்ணூர் வரை அரித்தது. கல்லும் தூண்டில் வளைவும் (கரையிலிருந்து கடலுக்குள் நீட்டும் கல் சுவர்) போட்டு ஓர் இடத்தில் நிறுத்தினால் அரிப்பு அதற்கு வடக்கே நகர்கிறது.

கடல்ல ஏதாவது ஆபத்துன்னா யாருக்கு போன் பண்றது? என்ன சொல்றது?

கடலோரக் காவல் படை 1554. தமிழ்நாடு கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093. கரையில் ஆள் அடிபட்டால் 108. படகில் விஎச்எஃப் வயர்லெஸ் இருந்தால் 16ஆம் சேனல், சுற்றியிருக்கும் கப்பல்களுக்கும் சேர்ந்து கேட்கும்.

'கப்பல் மோதிடுச்சு, சீக்கிரம் வாங்க' என்று மட்டும் சொன்னால் எதிரில் இருப்பவர் எங்கே என்று கேட்டுக்கொண்டே இருப்பார். முதல் வாக்கியத்திலேயே இடத்தைச் சொல்லுங்கள். ஜிபிஎஸ் எண் இருந்தால் அது, இல்லையென்றால் 'எர்ணாவூருக்கு நேர்கிழக்கே, கரையிலிருந்து இத்தனை மைல்'. அடுத்து எத்தனை பேர், தண்ணீரில் யாராவது இருக்கிறார்களா, தீயா, எண்ணெயா, எரிவாயு வாசனையா. பிறகு உங்கள் பெயரும் படகின் பதிவு எண்ணும். எண்ணெய்ப் படலம் பார்த்தால் நிறத்தையும் அது எந்தப் பக்கம் நகர்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பேசிய நேரத்தையும் எதிரில் பேசியவர் பெயரையும் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். அரை மணி நேரத்தில் யாரும் திரும்பக் கூப்பிடவில்லையென்றால், அந்தக் குறிப்பை வைத்துக்கொண்டு மறுபடியும் கூப்பிடுங்கள்.